எட்டில் நாற்பத்தொரு கடைகள்

குவான் அக்கா ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்ப்பாள். கூரையிலிருந்து கண்ணை மெல்ல இறக்கி, மின்விசிறி, நிலைக்கண்ணாடி, மைக்ரோவேவ் அடுப்பு, மீன்தொட்டி என்று ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டு வந்து, கடைசியில்தான் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் மனிதரிடம் வந்து சேர்வாள். அதற்குள் அவர் "சாப்ட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டிருப்பார். "வைஃபை பெட்டியை யாரு மீன்தொட்டிக்குப் பின்னால வச்சது?" என்பது அவளுடைய பதில்.

மீன்தொட்டி செல்வத்தை இழுக்கும் என்று வாஸ்துக்காரர் வைக்கச் சொன்ன இடம் அது. தண்ணீர் செல்வத்தை இழுக்கிறதோ இல்லையோ, வைஃபை அலையைக் குடித்துவிடும். இதை அவள் தான் வேலை பார்க்கும் வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இதுவரை பதினாறு கடைகளில் சொல்லியிருக்கிறாள். பதினான்கு கடைக்காரர்கள் பெட்டியை நகர்த்தினார்கள். இரண்டு பேர் மீனை மாற்றினார்கள்.

முழுப் பெயர் சியூ லாய்-குவான். வயது ஐம்பத்திரண்டு. தொலைபேசி நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் கம்பி இழுத்துவிட்டு, 2006-இல் வெளியே வந்தாள். அன்று முதல் ஷாம் சூய் போவில் வா ஃபூங் வணிக வளாகத்தின் கீழ்த்தளம் அவள் பொறுப்பு. ஐம்பத்தெட்டுக் கடைகள். பொத்தான், ஜிப், சரிகை, பாசிமணி, தையல்காரர் நால்வர், சாவி போடுகிறவர் ஒருவர். நடைபாதையின் அகலம் ஒரு மீட்டர் நாற்பது. படியிறங்கி வரும்போது ஏழாவது படியில் கைபேசி சிக்னல் செத்துவிடும். அதற்குக் கீழே உலகத்தோடு பேச வேண்டுமென்றால் அவரவர் கடையின் வைஃபை பெட்டிதான் கதி. ஆகவே கடைக்கு ஒரு பெட்டி. ஐம்பத்தெட்டுப் பெட்டிகளும் ஒன்றன் காதில் ஒன்று கூவிக்கொண்டிருக்கும்.

அவளிடம் ஒரு மூங்கில் கழி உண்டு, நீளம் இரண்டு மீட்டர் பத்து. அதன் நுனியில் ஒரு பழைய கைபேசியைத் துணிக் கிளிப்பால் மாட்டி, கூரையை ஒட்டினாற்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நடப்பாள். எந்தப் பெட்டி எந்தச் சேனலில் எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பது கையிலிருக்கும் இன்னொரு கைபேசியில் மேடுமேடாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் ஒட்டடை அடிக்க வந்தவள் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். அவள் திருத்துவதில்லை. ஒதுங்கி நின்றால் போதும்.

மைக்ரோவேவ் அடுப்புகளை அவள் ஆளைப் போல் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறாள். பன்னிரண்டு நாற்பதுக்கு ஜிப் கடைத் தாம் அண்ணனுடையது, மூன்றரை நிமிடம். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பொத்தான் கடைப் பூன் அம்மாளுடையது, முதலில் இரண்டு நிமிடம், பிறகு சூடு போதாமல் இன்னும் ஒன்று. அடுப்பின் அலையும் வைஃபை அலையும் ஒரே இனம், அந்த நேரத்தில் திரையில் வலப்பக்கம் முழுக்கப் பொங்கி வழியும். "தாம் அண்ணே, இன்னிக்கும் நேத்து மிச்சமான வாத்துக்கறிதானே?" என்று நடைபாதையில் நின்றபடியே கேட்பாள். வாத்துதான். அது திரையில் தெரியாது, மூக்கில் தெரியும். ஆனாலும் தாம் அண்ணன் இன்றுவரை திரையில் தெரிகிறது என்றே நம்புகிறார்.

வேலை முடிந்ததும் பெட்டியின் அடிவயிற்றில் வெள்ளைச் சீட்டு ஒன்று ஒட்டுவாள். சேனல் எண், அகலம், சக்தி, தேதி, எல்லாம் அரிசி அளவு எழுத்தில். கேட்காததைச் சொல்வதில்லை, கேட்டதை மறைப்பதில்லை என்பது அவள் கொள்கை. கடைக்காரர்கள் எல்லாரும் "ஃபுல் பவர் வச்சு விடு" என்பார்கள். அவள் பாதிக்குக் குறைத்து வைத்து, குறைத்த எண்ணைச் சீட்டில் ஒழுங்காக எழுதியும் வைப்பாள். யாரும் குனிந்து படித்ததில்லை. "இப்ப எவ்வளவு வேகமா இருக்கு பாரு. ஃபுல் பவர்னா ஃபுல் பவர்தான்" என்று பாராட்டுவார்கள். அவள் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விடுவாள்.

அவள் வீட்டில் வைஃபை கிடையாது. சுவரோரம் கம்பி ஓடுகிறது. "நாள் முழுக்கச் சந்தையில நிக்கிறேன். வீட்டுலயாவது சும்மா இருக்கட்டும்" என்பாள்.

அந்தக் கீழ்த்தளத்தில் அவளால் ஐந்து ஆண்டுகளாகத் தீர்க்க முடியாதிருந்த சங்கடம் ஒன்றுதான். அது எட்டு.

சேனல்கள் மொத்தம் பதின்மூன்று. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் வழிந்து பக்கத்து எண்களின் மேல் சாயும். ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய மூன்றில் உட்கார்ந்தால் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் இருக்கலாம். இதை அவள் கடைக்காரர்களுக்கு இப்படிச் சொல்வாள்: "பதிமூணு பேர் உக்கார்ற பெஞ்சுதான். ஆனா வர்றவங்க எல்லாம் குண்டு. மூணு பேருக்கு மேல தாங்காது." எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு, "சரி, எனக்கு எட்டு போடு" என்பார்கள்.

எட்டு செல்வத்தின் எண். நான்கு சாவின் எண். நான்காம் சேனலில் அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. எட்டில் நாற்பத்தொன்று. மிச்சத்தில் ஒன்றில் ஐந்து, ஆறில் மூன்று, பதினொன்றில் இரண்டு, பெட்டியே பார்த்துத் தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டவை ஏழு. இதைத் தொடங்கி வைத்தவர் தாம் அண்ணன். 2018-இல் ஒரு மத்தியான வேளையில் தம் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் தாமே திறந்து, எண்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு, ஒரு வியாபாரிக்குத் தோன்றக்கூடியதையே செய்தார். அதே வாரம் வியட்நாமிலிருந்து நாற்பதாயிரம் ஜிப்புக்கு ஆர்டர் வந்தது. அடுத்த மாதத்துக்குள் நடைபாதை முழுவதும் எட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நெரிசலில் வேகம் குறையக் குறைய, அதிர்ஷ்டம் போதவில்லை என்று மற்றவர்களும் எட்டுக்கு வந்தார்கள்.

இப்படியே போயிருக்கும். 2023 நவம்பர் 23, வியாழக்கிழமை, கூ மாஸ்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

கூ பாக்-மிங் கல்யாண உடுப்புத் தைக்கிறவர், வயது எழுபத்தொன்று. குவான் அக்காவின் வேலைக் கால்சட்டைகளின் உயரத்தை ஆண்டுதோறும் குறைத்துத் தருகிறவரும் அவரே. செப்டம்பரில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விரிசல் விட்டது. வீடு ஆறாம் மாடி, லிப்ட் இல்லை. ஆகவே கடையிலேயே மடக்குக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். மகள் யீ-நிங்குக்கு வான்கூவரில் கல்யாணம். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணப் பெண் மண்டியிட்டுக் கொடுக்கும் தேநீரைப் பெற்றவர் வாங்கிக் குடித்தால்தான் கல்யாணம் கல்யாணம். அதற்குப் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தாகிவிட்டது: ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். பத்து மணிக்கு வீடியோவில் அழைப்பதாக மகள் சொல்லியிருந்தாள். அங்கே அது சனிக்கிழமை மாலை ஆறு.

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். இருபது நிமிடத்தில் பதினான்கு முறை அறுந்தது. மகளின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். பிறகு குரல் மட்டும் வரும். பிறகு அதுவும் போகும்.

"அவ குனிஞ்சு தேத்தண்ணி நீட்டுற நேரத்துல இப்படி நின்னு போச்சுன்னா என்ன பண்றது, குவான்?" என்று கேட்டார் மாஸ்டர். "ஒரே ஒருதரம்தான் நீட்டணும். திரும்ப நீட்டுனா ரெண்டாங் கல்யாணம் ஆயிடும்."

குவான் அக்கா டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. நெரிசல் இல்லாத உயர்ந்த அலைவரிசை அதற்குத் தெரியாது, அவ்வளவு பழசு. "வேற டேப்லெட் கொண்டாறேன், மாஸ்டர்."

"அவ வாங்கிக் குடுத்ததுலதான் அவளைப் பாப்பேன்."

"சரி. அப்ப ஒண்ணாம் சேனலுக்கு மாத்திடுறேன். அங்க அஞ்சு பேருதான். காத்தாட இருக்கும்."

மாஸ்டர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணத்துக்கு ஒண்ணா? ஒத்தைப் பொண்ணா நிக்கவா?"

"பதினொண்ணு?"

"அது ரெண்டு ஒத்தை. பக்கத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாக்கல. ஜோடி எண் போடு. எட்டுலயே இருக்கட்டும். இல்லன்னா ஆறு. ஆறுன்னா எல்லாம் தடையில்லாம வழுக்கிக்கிட்டுப் போகும், நல்லது."

வழுக்கி விழுந்த மனிதரே இதைச் சொல்கிறார் என்பது குவான் அக்காவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஆறும் எட்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்கிற எண்கள். எட்டில் நாற்பத்தொரு பெட்டி கூவுகிறவரை ஆறில் உட்காருகிறவருக்கும் காது அடைத்துத்தான் போகும். கூ மாஸ்டரை ஆறில் உட்கார வைக்க வேண்டுமென்றால் எட்டிலிருந்து நாற்பது கடைகளை எழுப்ப வேண்டும். கையில் இருந்தது இரண்டரை நாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினாள். முதலில் தாம் அண்ணன்.

"ஒரே நாள், அண்ணே. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்."

"அந்த ரெண்டு மணி நேரத்துல என் அதிர்ஷ்டம் எந்திரிச்சு எதிர்க் கடைக்குப் போயிட்டா, நீ போய்க் கூட்டிட்டு வருவியா?"

"எதிர்க் கடையையும்தான் மாத்தச் சொல்லப் போறேன்."

"அப்ப முதல்ல அவன் மாத்தட்டும்."

எதிர்க் கடைக்காரர், தாம் முதலில் மாற்றட்டும் என்றார். பூன் அம்மாள் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எலுமிச்சைத் தேநீர் கொடுத்து, அன்போடு மறுத்தாள். "யீ-நிங் எனக்கும் மக மாதிரிதான்டி. பிறந்தப்ப தூக்கி வச்சிருக்கேன். அதுக்காக எட்டை விடுன்னு கேட்டா எப்படி? வேற ஏதாவது கேளு. விருந்துக்குக் கோழி கேளு, முழுக் கோழியாத் தரேன்." இரவு கணக்குப் பார்த்தபோது சம்மதித்தவர் ஒரே ஒருவர், சாவி போடுகிறவர். அவரும் அடுத்த மாதம் கடையைக் காலி செய்கிறவர்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி பூன் அம்மாள் கடைக்குப் போனாள். பெட்டியைச் சோதிக்க வேண்டும் என்றாள், அது உண்மை. தன் மடிக்கணினியைத் திறந்து, சேனல்களை அவற்றின் அலையெண்ணோடு காட்டும் பக்கத்தை வைத்துவிட்டு, குனிந்து கம்பியைப் பார்க்கப் போனாள். அந்தப் பக்கத்தை அவள் அதற்கு முன் எந்தக் கடையிலும் திறந்ததில்லை. திரை ஏன் பூன் அம்மாளின் பக்கம் திரும்பி இருந்தது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

"ஏய் குவான், இது என்ன, எட்டுக்குப் பக்கத்துல நீளமா ஒரு எண்ணு?"

"அதுவா. அலையோட எண். நாம எட்டுன்னு சுருக்கமாச் சொல்றோம். காத்துல அது ஓடுறது அந்த எண்ணுலதான்."

பூன் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். "ரெண்டு. நாலு. நாலு. ஏழு."

2447. குவான் அக்கா மேசைக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நாலு நாலு," என்றாள் பூன் அம்மாள் மறுபடி, மிக மெதுவாக. "வயித்துல ரெண்டு நாலை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் நடமாடுச்சு? போன வருஷம் எனக்குப் பித்தப்பையை எடுத்தாங்களே."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அம்மா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இது கேள்வி. "தெரியும்," என்றாள் குவான் அக்கா.

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கேக்கல."

பூன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பிறகு நடைபாதைக்கு வந்து, தாம் அண்ணனை அவர் பெயரின் எல்லா எழுத்தும் கேட்கும்படி அழைத்தாள். மூன்று பத்துக்குச் செய்தி ஜிப் வரிசையைக் கடந்தது. மூன்று பதினைந்துக்குக் குவான் அக்காவுக்காக வரிசை நின்றது.

அதோடு முடியவில்லை. கூட்டத்தில் சூட்டிகையான ஒருவர் மற்ற சேனல்களின் எண்களையும் கேட்டார். கேட்டதால் சொன்னாள். ஒன்று, 2412. பதினொன்று, 2462. எல்லாம் இருபத்துநாலில் தொடங்குகிறவை. அதிலும் ஒரு நான்கு. பூன் அம்மாள்தான் தீர்ப்புச் சொன்னாள். "முன்னாடி இருக்கிற நாலு ஊருக்கே பொது. ஊருக்கே இருந்தா அது தோஷத்துல சேராது. தனியா நமக்குன்னு வர்ற நாலுதான் ஆகாது." தாம் அண்ணன் பன்னிரண்டில் வருஷத்து மாதம் முழுக்க அடங்கியிருக்கிறது என்று சொல்லி ஒன்றாம் சேனலை எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு, எட்டு சரியில்லை என்று தமக்கு 2018-லேயே ஒரு சந்தேகம் இருந்ததாகவும் சொன்னார்.

எட்டரை மணிக்குக் கடைசிப் பெட்டியில் சீட்டு ஒட்டினாள். இருபது கடை ஒன்றில், இருபது கடை பதினொன்றில். தாமே தேர்ந்துகொள்ளும் ஏழையும் பிடித்து அதனதன் இடத்தில் கட்டினாள். அகலத்தைக் குறைத்தாள், சக்தியைக் குறைத்தாள். கழியைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை நடந்து வந்தாள். எட்டின் மேல் இருந்த மலை காணாமல் போயிருந்தது. ஐந்து ஆண்டு பேசியும் அறிவியலால் ஆகாததை இரண்டு நான்குகள் ஐந்தே நிமிடத்தில் செய்துவிட்டது குறித்து அவள் மகிழ்ச்சியாகக் காணப்படவில்லை. அன்றிரவு வீட்டில் நூடுல்ஸைப் பாதியில் வைத்துவிட்டாள் என்று அவள் தங்கை சொன்னாள்.

ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்குக் கூ மாஸ்டர் கடையில் இருந்தாள். மாஸ்டர் தாமே தைத்த கருநீலப் பட்டு அங்கியில், ஊன்றுகோல் பக்கத்தில் சாய, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பூன் அம்மாள் தேநீரோடு ஆஜர்.

"இன்னிக்கு ஃபுல் பவர் வை," என்றார் மாஸ்டர்.

"பெட்டி கத்துறது பெருசில்ல, மாஸ்டர். இந்தக் கிழட்டு டேப்லெட் பேசுறது பெட்டி காதுல விழணும். அதுக்குச் சுத்தி அமைதியா இருக்கணும். இருக்கு."

"ஆறு தானே போட்ட?"

"ஆறு."

"பூன் ஏதோ நீள எண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. ஆறோட நீள எண்ணு..." என்று தொடங்கினார். அது 2437, ஜோடி சேராத ஏழில் முடிகிற எண்.

"மாஸ்டர்," என்றாள் குவான் அக்கா. "கேட்டீங்கன்னா நான் சொல்லித்தான் ஆகணும்."

கூ மாஸ்டர் யோசித்தார். கழுத்துப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நல்ல வெயில் இன்னிக்கு," என்றார். கீழ்த்தளத்தில் வெயில் தெரியாது. "ஆமா, மாஸ்டர்," என்றாள் அவள்.

ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு அவள் வெளியே போய்க் கடைசியாக ஒரு தடவை நடைபாதையை அளந்தாள். திரும்பி வந்தபோது கையிலிருந்த கைபேசியில் மைனஸ் நாற்பத்தொன்பதாக இருந்த எண் மைனஸ் எழுபத்தாறாகி இருந்தது. கழித்தல் கணக்கு, எண் ஏறினால் அலை மெலிகிறது என்று பொருள். டேப்லெட்டில் ஒற்றைக் கோடு மினுங்கிற்று. அவள் வழக்கம்போல் முதலில் மேலே பார்த்தாள்.

மாஸ்டரின் தலைக்கு மேல் நூல் அடுக்கும் இரும்பு அலமாரி. அதன் மேல்தட்டில், மூன்று பக்கமும் தகடு அடைத்த மூலையில் வைஃபை பெட்டி. நாலாவது பக்கமும் இப்போது அடைபட்டிருந்தது. சிவப்பு எனாமல் பூசிய பெரிய இரும்புத் தாம்பாளம், இரட்டை மங்கல எழுத்து முன்னால் தெரியும்படி நிமிர்த்தி வைத்திருந்தது. அதற்கு முன்னால், பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் மூடி போட்ட சிவப்புக் குண்டுச் சட்டி. அதற்குள் செந்நிறப் பேரீச்சையும் தாமரை விதையும். பக்கத்தில் இரண்டு கிண்ணம், இரண்டு ஜோடிக் குச்சி. ஊன்றுகோலை விட்டுவிட்டு, பூன் அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் தம் கையால் ஏற்றி வைத்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அந்தத் தாம்பாளத்தைக் கொஞ்சம்..."

"அவ பாக்கணும்ல," என்றார் மாஸ்டர். "சீரைத் தபால்ல அனுப்ப முடியுமா? கண்ணாலயாவது பாக்கட்டும். அவ அம்மா இருந்தா அவதான் அடுக்குவா. எனக்கு அடுக்கத் தெரியல. அவ போய் ஏழு வருஷம் ஆச்சு, போறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிருக்கணும், தோணல. சரியா இருக்கா, பாத்துச் சொல்லு."

கேள்வி. மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. குவான் அக்கா தாம்பாளத்தைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், கையிலிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"சரியா இருக்கு, மாஸ்டர்."

பூன் அம்மாளின் முக்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். தாம்பாளத்தில் விரல் படாமல் அதன் பின்னால் கையை விட்டு, பெட்டியைப் பக்கவாட்டில் உருவி எடுத்தாள். கம்பி நாற்பது சென்டிமீட்டர்தான் வந்தது. அலமாரியின் விளிம்புக்கு வெளியே, மாஸ்டரின் தலைக்கு மேலே, படத்துக்குள் தன் முகம் விழாத தூரத்தில், பெட்டியை ஒற்றைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்து மணிக்கு டேப்லெட் ஒலித்தது. வான்கூவரில் ஒரு பெண் சிவப்புப் பட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, "அப்பா, தேத்தண்ணி குடிங்க" என்றாள். படம் உறையவில்லை, குரல் அறுபடவில்லை. இங்கே பூன் அம்மாள் கொடுத்த கோப்பையை மாஸ்டர் வாங்கிக் குடித்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, சீரை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். தாம்பாளம். சட்டி. சட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. கிண்ணம் எங்கே வாங்கியது என்பது. அவர் அவசரப்படவில்லை.

ஏழாவது நிமிடத்தில் குவான் அக்காவின் வலக்கை தாழ ஆரம்பித்தது. அவள் இடக்கையை உயர்த்தி, பெட்டியை அந்தக் கைக்கு மாற்றி, முன்பு இருந்த அதே உயரத்தில் பிடித்துக்கொண்டாள்.